ஹோசே ஹோசேயின் மூல நாடாக்களை வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இசை நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மெக்சிகோ பாடகர் ஹோசே ஹோசேயின் பழைய பாடல்களை ‘ரீமாஸ்டர்’ செய்து, அதாவது பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் சீரமைத்து, வெளியிட்டிருக்கிறீர்கள். கேட்டோம், மனம் பொறுக்காமல் எழுதுகிறோம்.

1970 மார்ச் 15 அன்று மெக்சிகோ நகரத்தில் நடந்த பாட்டுப் போட்டியில், ரோபெர்த்தோ கந்தொரால் எழுதிய ‘எல் திரிஸ்தே’யை அவர் பாடியபோது வயது 22. நடுவர்கள் கொடுத்தது மூன்றாம் இடம். மக்கள் மனத்தில் நின்றதோ அந்தப் பாட்டுதான். பேசுவதுபோலத் தாழ்ந்து தொடங்குவார். நீண்ட வரிகளை மூச்சு உடையாமல் கட்டிக்கொண்டு போய், கடைசியில்தான் முழுக் குரலையும் திறப்பார். அந்த ஏற்றத்தில்தான் அவருடைய பாட்டு இருக்கிறது.

உங்கள் பதிப்பில் அந்த ஏற்றம் இல்லை. ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கம்ப்ரஸர் மெல்லிய தொடக்கத்தைத் தூக்கிவிட்டது, ஒலிக்கு மேல்வரம்பு கட்டும் லிமிட்டர் உச்சத்தை மழித்துவிட்டது. மூச்சு வாங்கும் ஓசை பாட்டுக்குச் சமமாகக் கேட்கிறது. குரல் உயரும் இடத்தில் வயலின்களும் குரலும் ஒன்றாக நசுங்குகின்றன. சத்தமாக ஒலித்தால் எடுபடும் என்ற கணக்கும் இன்று செல்லாது. ஸ்ட்ரீமிங் தளங்கள் பலவும் எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ -14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. கூட்டிய சத்தம் குறைந்துவிடும்; வெட்டிய உச்சம் திரும்பாது.

முதன்முதலில் பாட்டைப் பதிந்த மூல நாடாவிலிருந்து, நசுக்காமல் வெளியிடுங்கள். இதுவே எங்கள் கோரிக்கை.

வழி உங்கள் பொறியாளர்கள் அறிந்ததே. காந்தப் பூச்சை ஒட்டவைக்கும் பசை ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுத்த நாடாவை ஓட்டினால் அந்தப் பூச்சு உரிந்து வரும். முதலில் 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்த வேண்டும். பிறகு, நாடாவின் தொடக்கத்தில் சோதனை ஒலி இருந்தால் அதை வைத்து, நாடாவைப் படிக்கும் ஹெட்டின் கோணத்தைத் திருத்த வேண்டும். கோணம் பிசகினால் மேல்சுருதிகள் மங்கும். மங்கியதை ஈடுகட்ட ட்ரெபிளை ஏற்றினால் ‘ஸ’ ஒலிகள் காதைக் கீறும். உங்கள் பதிப்பில் அவை கீறுகின்றன. நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி முறையில் பதிந்த நாடாவை டால்பியிலேயே விரித்து, 24 பிட் நுணுக்கத்தில் டிஜிட்டலாகப் பிரதியெடுங்கள்.

உங்கள் பதிப்பில் விட்டுப்போன பெயர்களையும் சொல்லியாக வேண்டும். 1983இன் ‘செக்ரெத்தோஸ்’ தொகுப்பு இசையமைப்பாளர் மனுவேல் அலெஹாந்த்ரோவின் உழைப்பு. பாட்டை எழுதியவர், இசைக்குழுவுக்கு அமைத்தவர் பெயர்களைப் போட ஒரு வரி போதும். அதற்குக்கூடவா இடமில்லை?

குடியும் நோயும் அந்தக் குரலை அவர் உயிரோடிருக்கும்போதே பறித்துவிட்டன. 2019 செப்டம்பர் 28 அன்று அவரும் போய்விட்டார். மறுபடி பாட வைக்க முடியாது, நாடாதான் மிச்சம். புதிய பதிப்பை நீக்கச் சொல்லவில்லை. அதன் பக்கத்திலேயே, நசுக்காத மூலப் பிரதியையும் வையுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அவர் பாட்டை விடாமல் கேட்பவர்கள்