வெடித்த துண்டுகளுக்குத் திசை இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் அறிவியல் கேள்வி-பதில் பகுதியில் சென்ற முறை வந்த ஒரு வாக்கியத்தைப் படித்துப் பதறிப்போனேன். அசையாமல் இருந்த 8 கிலோகிராம் பொருள் ஒன்று வெடித்து மூன்று துண்டுகளாகிறது. 2 கிலோகிராம் துண்டு நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறது. 1 கிலோகிராம் துண்டு 40 மீட்டர் வேகத்தில் வடக்கே போகிறது. மீதமுள்ள 5 கிலோகிராம் துண்டு என்ன ஆகும் என்பது வாசகரின் கேள்வி. நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். "இரண்டின் உந்தமும் சேர்ந்து 70. ஆகவே மூன்றாவது துண்டு எதிர்த் திசையில் நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் செல்லும்" என்று பதில் அச்சாகியிருக்கிறது.

எதிர்த் திசை என்றால் எதற்கு எதிர்? கிழக்குக்கா, வடக்குக்கா? உந்தம் ஒரு வெக்டர், அதாவது அளவோடு திசையும் கொண்டது என்பது தாங்கள் அறியாததல்ல. கிழக்கே 30, வடக்கே 40. இவற்றைக் கூட்டினால் செங்கோண முக்கோணத்தின் கர்ணமாக 50 தான் வரும். மூன்றாவது துண்டு அந்த 50-ஐ ஈடுசெய்ய வேண்டும். எனவே அதன் வேகம் நொடிக்கு 10 மீட்டர். திசை, மேற்கிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 53 டிகிரி. உந்தம் தனித்தனியே கிழக்கு-மேற்காகவும் வடக்கு-தெற்காகவும் சுழியாக வேண்டும். வெளிவிசை இல்லாதவரை மொத்த உந்தம் மாறாது என்னும் உந்த மாறா விதியின் உயிரே அதில்தான் இருக்கிறது.

வகுப்பில் இதை நான் கண்ணால் காணச் செய்திருக்கிறேன். காற்றை ஊதி உராய்வைக் குறைக்கும் காற்று மேசையின் மேல் மூன்று தகடுகளை நூலால் பிணைத்து, நடுவில் அழுத்திய சுருள்வில்லை வைத்து, நூலைத் தீயால் அறுப்போம். மேலிருந்து எடுத்த படங்களில் வேகத்தை அளந்து, உந்தங்களை அம்புகளாக வரைந்து, ஒன்றின் முனையில் அடுத்ததன் அடியை வைத்தால், முக்கோணம் மூடிக்கொள்ளும். அந்த மேசையருகில் நின்று பார்த்த மாணவி ஒருத்திதான் தங்கள் இதழை எடுத்துவந்து, "அச்சில் வந்திருக்கிறதே, டீச்சர்" என்று கேட்டாள். என் பல ஆண்டு உழைப்பு தங்கள் ஒரு வரிக்கு முன் தோற்றுப்போனது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

அதே பதிலில், "எளிமைக்காக எல்லாம் ஒரே தளத்தில் நடப்பதாகக் கொள்வோம்" என்றும் ஒரு வரி இருக்கிறது. அது யாரும் தரும் சலுகை அல்ல. ஓய்விலிருந்த பொருள் இரண்டாக வெடித்தால் துண்டுகள் ஒரே நேர்க்கோட்டில்தான் விலகும். மூன்றாக வெடித்தால் அவற்றின் திசைகள் ஒரே தளத்தில்தான் அமைய முடியும். நான்காவது துண்டு வந்த பிறகுதான் மூன்றாம் பரிமாணத்துக்கே இடம் உண்டு. இவ்வளவு அழகான முடிவைத் தங்கள் கட்டுரையாளர் எளிமைக்கான அனுமானம் என்று ஒதுக்கிவிட்டாரே!

இது முதல் முறையும் அல்ல. வானில் வெடிக்கும் குண்டுக்குப் புவியீர்ப்பு இருப்பதால் விதி பொருந்தாது என்று முன்பு எழுதினீர்கள். வெடிப்பு நிகழும் அந்த மிகக் குறுகிய நேரத்தில் புவியீர்ப்பு ஏற்படுத்தும் உந்த மாற்றம் பொருட்படுத்தத் தக்கதல்ல. காற்றின் தடையை விட்டுவிட்டால், முதல் துண்டு தரையைத் தொடும்வரை துண்டுகளின் நிறை மையம், அதாவது அவற்றின் மொத்த நிறையின் சராசரி இடம், பழைய பரவளையப் பாதையிலேயே போகும். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. இயக்க ஆற்றலும் மாறாது என்று இன்னொரு முறை வந்தது. மேலே சொன்ன கணக்கில் வெடிப்புக்கு முன் அது சுழி, பின்பு 1275 ஜூல். அது வெடிமருந்தின் வேதியாற்றலிலிருந்து வந்தது. அதற்கும் எழுதினேன்.

வெற்றிடத்தில் ராக்கெட் இயங்காது என்று ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டை 1920-இல் தலையங்கத்தில் ஏளனம் செய்த நியூயார்க் டைம்ஸ், அப்பல்லோ 11 புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, தன் தவற்றைத் திருத்தி வெளியிட்டதைத் தாங்கள் அறிவீர்கள். பெரிய பத்திரிகைக்கு அதனால் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

நான் கேட்பது அதே பக்கத்தில் ஒரு சிறு கட்டம். 14 என்பதை 10 என்று திருத்தி, 30, 40, 50 என மூன்று அம்புகள் மூடிய முக்கோணமாக நிற்கும் படத்தை வெளியிடுங்கள். படத்தை வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்த மாணவிக்குத் தேர்வு நெருங்குகிறது. அடுத்த இதழிலேயே வந்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை