தேதி இல்லாதவளுக்கு

கடலூர்

அன்புள்ள கண்ணு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். நானும் அப்பாவும் நல்ல சுகம். நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நீ அழுதுகொண்டே பேசினாய். அழுகிற பிள்ளைக்கு வசனம் சொன்னால் காதில் ஏறாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

அந்த வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் இரட்சிக்கப்பட்ட தேதியைச் சொல்லிச் சாட்சி கொடுத்தார்கள், உன் முறை வந்தபோது உனக்குச் சொல்லத் தேதி இல்லை என்றாய். குழந்தையில் தெளித்த தண்ணீர் கணக்கில் வராது, மறுபடி முழுகி எடுக்க வேண்டும் என்றார்களாம். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. மொழி தெரியாத ஊரில் நீ காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் பக்தியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் உன் மனசில் போட்ட பயம் சுவிசேஷத்திலிருந்து வந்தது இல்லை.

நம் வீட்டில் தேதி உள்ளவள் நான் ஒருத்திதான். உன் அப்பா நாலு தலைமுறை லுத்தரன் குடும்பம். நான் சாமி கும்பிடுகிற இந்து வீட்டிலிருந்து வந்தவள். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, யாரும் வற்புறுத்தாமல், என் மனசோடு ஞானோபதேசம் படித்து, ஒரு ஈஸ்டர் ஞாயிறு ஞானஸ்நானம் எடுத்தேன். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம். ஆனாலும் சொல்கிறேன், அந்த நாள் என்னை இரட்சிக்கவில்லை. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணம் சொல்கிறோமே, அதில் இயேசுவைத் தவிர வருகிற மனிதப் பெயர்கள் இரண்டுதான்: கன்னி மரியாள், பொந்தியு பிலாத்து. அவர் பிறந்ததும், பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டதும், மூன்றாம் நாள் எழுந்ததும் அதில் இருக்கின்றன. நான் எந்த வருஷம் நம்பினேன் என்பது இல்லை. அப்போஸ்தலரும் பிதாக்களும் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சாட்சி அதுதான். எல்லாம் அவரைப் பற்றியது.

உன் ஞானஸ்நானம் உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. போதகர் ஐயர் உன்னை இடது கையில் ஏந்திக்கொண்டு, தொட்டியிலிருந்து உள்ளங்கையால் தண்ணீர் மொண்டு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று தரம் உன் தலையில் விட்டார். முதல் தரம் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாய். மூன்றாம் தரம் கொட்டாவி விட்டாய். காதோரம் வழிந்த தண்ணீரை அப்பா துண்டு நுனியால் ஒற்றி எடுத்தார். நீ கேட்கவில்லை, புரிந்துகொள்ளவில்லை, கை நீட்டக்கூட இல்லை. அவர்கள் குறையென்று சொல்வது இதைத்தானே? எனக்கோ இரட்சிப்பு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் விளங்கிற்று. நான் ஒரு வருஷம் படித்துவிட்டுப் பெற்றேன், நீ கொட்டாவி விட்டுக்கொண்டு பெற்றாய், இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒன்றேதான். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று பவுல் எபேசியருக்கு எழுதியதை நான் வாசித்திருந்தேன். அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

தண்ணீர் மந்திரம் இல்லை. விசுவாசம் வேண்டும் என்பதை நம் சபை ஒருநாளும் மறுத்ததில்லை. அதற்காகத்தான் திடப்படுத்தல். நீ பாவாடை தாவணியில் பீடத்துக்கு முன் நின்று, உன் வாயால் அறிக்கையிட்டாய். லுத்தர் 1529-இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில், பாவமும் மனச்சாட்சியும் நெருக்கும்போது "ஆனாலும் நான் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறேன்" என்று சொல்லச் சொல்கிறார். "நான் உறுதியாக நம்புகிறேன்" என்று சொல்லச் சொல்லவில்லை பார். நம் உறுதி காலையில் ஒரு மாதிரி, ராத்திரி ஒரு மாதிரி இருக்கும். கடவுள் செய்தது அப்படி மாறாது. நீ மறுபடி ஞானஸ்நானம் எடுத்தால், முதலில் அவர் செய்தது போதவில்லை என்று சொன்னதாகும். "ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும் உண்டு" என்று அதே எபேசியர் நிருபத்தில் இருக்கிறது. எடுக்காதே, கண்ணு.

எல்லாரும் அழுதார்கள், எனக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை, அப்படியென்றால் என் விசுவாசம் பொய்யா என்று கேட்டாயே. என் அம்மா, உன் ஆயா, சொல்லுவாளே, திருநாவுக்கரசரைக் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளினார்கள், அவர் மிதந்துவந்து நம் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரையேறினார் என்று. கரையேறவிட்ட குப்பம் என்ற பெயர் இன்றைக்கும் இருக்கிறது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த காதோடுதான் நான் முதல்முதல் இயேசுவின் சீடன் பேதுருவின் கதையைக் கேட்டேன். என்னை அசைத்தது பேதுரு மிதக்காததுதான். தண்ணீர்மேல் நடந்தவன், காற்றைப் பார்த்தான், பயந்தான், அமிழ்ந்தான். "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று கூப்பிட்டான். அவ்வளவுதான் ஜெபம். அதில் பக்தியைவிடப் பயம்தான் அதிகம். உடனே இயேசு கையை நீட்டி அவனைப் பிடித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். பிடித்த பிறகுதான் "அற்பவிசுவாசியே, ஏன் சந்தேகப்பட்டாய்" என்று கேட்கிறார். முதலில் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு அப்புறம் கை கொடுக்கவில்லை. அற்ப விசுவாசம் உள்ளவனையும் தூக்கிவிட்டது அந்தக் கை. 2004 டிசம்பரில் தேவனாம்பட்டினத்தில் தண்ணீர் ஏறி வந்ததைப் பார்த்த ஊர் நாம். தூக்கிவிடுகிறவன் வந்தானா என்பதுதான் அப்போது கேள்வி. முங்குகிறவன் எவ்வளவு நம்பினான் என்று அங்கே யாரும் அளக்கவில்லை.

இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கின கள்ளனையும் நினைத்துக்கொள். அவனுக்கு முழுகி எழுந்திருக்க நேரம் இல்லை, சாட்சி சொல்லக் கூட்டம் இல்லை, திருடினதைத் திருப்பிக் கொடுக்கக் கை இல்லை. "அடியேனை நினைத்தருளும்" என்றான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று பதில் வந்தது.

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா என்று மாப்பிள்ளை கேட்டதாகச் சொன்னாய். நல்ல கேள்வி. பவுலிடமே அதைக் கேட்டிருக்கிறார்கள், ரோமர் ஆறாம் அதிகாரத்தில் "கூடாதே" என்று பதில் சொல்கிறார். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் சகேயு. வரி வாங்கி ஊரை உறிஞ்சினவன் காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இயேசு நின்று பார்த்து, இறங்கிவா, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். முதலில் பணத்தைத் திருப்பிக் கொடு, அப்புறம் வருகிறேன் என்று சொல்லவில்லை. அவர் வீட்டுக்குள் வந்த பிறகு சகேயு தானாகவே எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்கிறான். நற்கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியது உண்மை. ஆனால் வரிசையை மாற்றிவிடக்கூடாது. கிருபை முன்னே வருகிறது, பாதி ஆஸ்தி பின்னே போகிறது.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இது என் மனசுக்கு மிக நெருக்கமானது. அந்த எபேசியர் வசனம் "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு" என்று தொடர்கிறதே, அதை நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் வேகமாக வாசித்துத் தாண்டிவிடுகிறார்கள். புதுச்சேரியில் பழைய சம்பா கோவில் என்ற கத்தோலிக்க ஆலயத்துக்குள் மேல்சாதிக்காரரையும் ஒடுக்கப்பட்ட மக்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்ததையும், அது இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745-இல் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நம் பக்கமும் சுத்தமில்லை. கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி, சபைக்குள் சாதிக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று தம்முடைய ஜெர்மன் லுத்தரன் சங்கமான லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு வெளியே வந்தவர். 1860-களில் டேனிஷ் மிஷனோடு சேர்ந்து மேல்பட்டாம்பாக்கத்தில் வேலை செய்தார். அந்த மிஷனிலிருந்துதான் நம் ஆற்காடு லுத்தரன் திருச்சபை வளர்ந்தது. இலவசமாய்க் கிடைத்த இரட்சிப்பில் முன்வரிசை பின்வரிசை எப்படி வரும்? திருவிருந்து ஞாயிறு பீடத்தண்டை முழங்காலில் இருக்கும்போது பக்கத்துக் கைகளைப் பார்ப்பேன். வலை இழுத்துக் காய்ப்பேறின கை, மருதாணி போட்ட கை, நடுங்குகிற வயசான கை. எல்லாம் ஒரே மாதிரி வெறுமையாக நீட்டியிருக்கும். ஐயர் ஒவ்வொன்றிலும் ஒரே அளவு அப்பம் வைத்துக்கொண்டு போவார். இரட்சிக்கப்பட்டேன் என்று தேதி சொல்லிவிட்டுச் சாதி பார்த்துப் பெண் எடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன்.

சம்பந்தியம்மா கத்தோலிக்க முறையில் ஜெபமாலை சொல்வதைப் பற்றியும் அந்தக் கூட்டத்தில் ஏதோ பேசினார்களாம். அவர்களுக்கு ஒன்று சொல். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரத்தில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போட்டன. நம்மிடமுள்ள எந்தத் தகுதியினாலும் இல்லை, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலை விசுவாசிப்பதில் நாம் தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று இரண்டு பேரும் சேர்ந்தே அறிக்கையிட்டார்கள். மற்ற வேறுபாடுகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் உன் மாமியார் கிருபையை அறியாதவர் என்று யாரும் சொல்ல விடாதே.

கடைசியாக, நீ கேட்கத் தயங்கினதைக் கேட்காமலே புரிந்துகொண்டேன். ஆயா நரகத்தில்தான் இருப்பாள் என்று ஒரு அக்கா சொன்னாள் என்றாயே, அங்கேதான் உன் அழுகை தொடங்கிற்று. அவள் என்னைப் பெற்றவள். இதை நான் யோசிக்காத வருஷமே இல்லை. பாடலீஸ்வரர் கோயில் விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோனவள், நான் ஞானஸ்நானம் எடுத்த அன்று பின்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். சொந்தக்காரர்கள் ஏசினபோது "அவள் சாமியை அவள் கும்பிடட்டும்" என்று எனக்காகப் பேசினாள். தெருவில் யார் வீட்டுப் பிரசவமானாலும் முதலில் போய் நிற்பவள் அவள்தான்.

"அவராலேயன்றி வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை" என்ற வசனத்தை நான் முழுமனசோடு நம்புகிறேன். நல்லவள், அதனால் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். நல்லதனத்தால் சேர முடியுமென்றால் கிறிஸ்து மரித்திருக்க வேண்டியதே இல்லை. அவள் இரட்சிக்கப்பட்டிருந்தால் அதுவும் கிறிஸ்துவின் இரத்தத்தினால்தான். ஆனால் நான் சொன்னதை எல்லாம் யோசித்துப் பார். உன்னை இரட்சித்தது உன் அறிவு இல்லை, என்னை இரட்சித்தது என் தேதி இல்லை என்றால், அவர் கை எங்கே நீளும், எங்கே நீளாது என்று கோடு கிழிக்க அந்த அக்காவுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அழியவிருந்த சோதோம் ஊருக்காகப் பரிந்து பேசின ஆபிரகாம், "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கேட்டான். கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தங்கள் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாமல், உண்மை மனசோடு கடவுளைத் தேடுகிறவர்களும் இரட்சிப்படையலாம் என்று கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் எழுதிவிட்டது. நம் சபையில் அந்த அளவுக்குத் திட்டமாக எழுதவில்லை, எழுதாததையும் நான் மதிக்கிறேன். நரகம் உண்டென்று வேதம் சொல்கிறது. அங்கே யார் யார் என்று பட்டியல் போடும் வேலையை நமக்குத் தரவில்லை. நான் என் அம்மாவை அவளுக்காகவும் மரித்தவரிடம் விட்டிருக்கிறேன். என்னைவிட அவருக்கு அவள்மேல் அன்பு குறைவாக இருக்க முடியாது.

அந்தக் கூட்டத்துக்குப் போகாதே என்று சொல்லவில்லை. போ, பாடு, அவர்களுக்கும் நீ கஞ்சி வைத்துக் கொடு. இந்த ஞாயிறு மட்டும் திருவிருந்து இருக்கிற ஆராதனையாகப் பார்த்து, மாப்பிள்ளையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. முடிந்ததும் அங்குள்ள போதகரிடம் ஆயாவைப் பற்றி மனம் விட்டுப் பேசு. அவர் வேறு மாதிரி சொன்னால் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது, அப்பாவோடு உட்கார்ந்து படிக்கிறேன்.

அன்புடன்,
அம்மா