குடிநீரில் சாக்கடை கலப்பதைத் தடுக்கக் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்
பம்பிங் ஸ்டேஷன் பின்தெருக் குடியிருப்போர்

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்

பொருள்: குடிநீரில் கழிவுநீர் கலப்பது மற்றும் அடிப்படை வசதிகள் – முந்தைய மனுக்கள் மீது நடவடிக்கை இல்லாதது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பம்பிங் ஸ்டேஷனுக்குப் பின்னால், ரயில்வே சுவரை ஒட்டிய எங்கள் தெருக்களைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். சென்ற மழையில் தண்ணீர் தேங்கியபோது தாங்களே நேரில் வந்து திருப்பத்தில் நின்று பார்வையிட்டீர்கள். அதன் பின் நாங்கள் கொடுத்த மனுக்களுக்கு ரசீதைத் தவிர வேறெதுவும் வரவில்லை. ஆகவே கீழ்க்கண்டவற்றை மீண்டும் பணிவுடன் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

1. சுவரோரக் கம்பங்களில் விளக்கு எரிவதில்லை. இரவு வேலை முடிந்து வரும் பெண்கள் செல்போன் வெளிச்சத்தில்தான் வீடு சேருகிறார்கள்.

2. குப்பை வண்டி முனையோடு திரும்பிவிடுகிறது. சந்துக்குள் லாரி நுழையாது என்றால் தள்ளுவண்டியாவது அனுப்ப வேண்டும்.

3. குடிநீர். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்வோம் ஐயா, இதைப் பொறுக்க முடியவில்லை. திருப்பத்தில் குடிநீர் வால்வுக் குழியும் சாக்கடை மேன்ஹோலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மேன்ஹோல் அடைத்துக்கொண்டு பொங்கினால் அந்தத் தண்ணீர் நேராக வால்வுக் குழியில் போய்த் தேங்குகிறது. குழிக்குள் கிடப்பது துருவேறி, இணைப்புகள் விட்டுப்போன பழைய இரும்புக் குழாய். தண்ணீர் ஓடும்வரை குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் கசிவு வெளிப்பக்கமாகவே போகும். வால்வை அடைத்ததும் அழுத்தம் போய்விடுகிறது. சுற்றி நிற்கும் சாக்கடை அதே விரிசல் வழியாக உள்ளே இறங்குகிறது. மறுமுறை திறக்கும்போது எங்கள் குடத்தில் முதலில் விழுவது அதுதான். நுரையாக, கலங்கலாக, சில நாள் கறுப்பு இழைகளோடு வருகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு பிடிக்க வேண்டியிருக்கிறது. தெளியட்டும் என்று குடம் குடமாகக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால், தெளியும் நேரத்தில் தண்ணீர் நின்றுவிடுகிறது.

4. ஆய்வு செய்தோம், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எங்கே எடுத்த தண்ணீரை? மேல்நிலைத் தொட்டியில் எடுத்ததை! தொட்டியில் நன்றாகத்தான் இருக்கும் ஐயா, வழியில் அல்லவா கெடுகிறது? 100 மில்லி குடிநீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது, மக்கள் பிடிக்கும் இடத்திலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சாக்கடை கலந்தால் அந்தக் குளோரினும் வழியிலேயே தீர்ந்துவிடும். தெருக் கடைசி வீட்டுக் குழாயில், வால்வு திறந்தவுடன் வரும் முதல் தண்ணீரைப் பிடித்துச் சோதியுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான். காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். நாற்றமும் அழுக்கும் எங்கே போகும்? பாத்திரம் கழுவுவதும் பிள்ளைகள் வாய் கொப்பளிப்பதும் இதே தண்ணீரில்தானே? வயிற்றுப்போக்கு இந்தச் சந்தில் ஒரு வீடு விட்டு மறு வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. கைக்குழந்தைக்கு நீர்ச்சத்து எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதைத் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

5. சில வீடுகளில் மோட்டார் போட்டு உறிஞ்சுவதும் காரணம் என்கிறார்கள். உண்மைதான், உறிஞ்ச உறிஞ்ச சாக்கடையும் சேர்ந்து வரும். பறிமுதல் செய்யுங்கள், நாங்களே துணை நிற்கிறோம். ஆனால் அதைச் சாக்காகச் சொல்லிக் குழாயை மாற்றாமல் இருக்காதீர்கள்.

6. புகார் செய்தால் ‘தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது’ என்று செல்போனுக்குச் செய்தி வருகிறது. யார் வந்தார்கள்? எந்தக் குழியைத் திறந்தார்கள்? அந்தச் செய்தி வந்த அன்றும் அதே தண்ணீரைத்தான் பிடித்தோம் ஐயா! தீர்க்க முடியாவிட்டால் முடியவில்லை என்றாவது சொல்லுங்கள்.

ஐயா, சாலை பிறகு போடலாம், விளக்கு பிறகு எரியட்டும். வால்வுக் குழியை மேன்ஹோலை விட்டுத் தள்ளி அமைத்து, திருப்பத்திலிருந்து கடைசி வீடு வரை குழாயை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். மாற்றும்வரை லாரியில் நல்ல தண்ணீர் அனுப்புங்கள். ஒருமுறை, தண்ணீர் விடும் நேரத்தில், பொறியாளரோடு தாங்களே வந்து பாருங்கள். தயவுசெய்து இந்த மனுவையும் ரசீதோடு முடித்துவிடாதீர்கள். குழாயை மாற்றிக் கொடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
பின்தெருக் குடியிருப்போர்

இணைப்பு: கையொப்பங்கள், முந்தைய மனு ரசீதுகளின் நகல்கள், குழாய்த் தண்ணீரின் புகைப்படங்கள்.