தந்தி வாத்தியக்காரர்களின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் டீச்சருக்கும், இந்த மாடி அறையில் பாயிலும் நாற்காலியிலுமாக உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், அலைபேசித் திரையில் தெரியும் வெளியூர் உறுப்பினர்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். உறுப்பினர்கள் 23 பேர். செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் ஒரு முறை கோரம் சேராததால் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். இரங்கல் தீர்மானம் எதுவும் தேவைப்படவில்லை, அதுவே பெரிய விஷயம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். 23 பேரில் ஒன்பது பேர் நாகர்கோவிலில் இல்லை. ஞாயிறு சாயங்காலம் சேர்ந்து வாசிக்க ஆள் சேரவில்லை என்று புலம்புவதை விட்டுவிட்டு, அவரவர் இருக்கிற இடத்திலிருந்தே ஒரு உருப்படியைப் பதிவு செய்வது என்று முடிவானது. கைதூக்கி ஓட்டளித்தபோது இது இவ்வளவு இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

முதலில் நேரடியாகவே வாசித்துப் பார்த்தோம். ஃபோல்கர் ஃபிஷர் என்பவர் 2006இல் தொடங்கிய ஜாமுலஸ் என்ற இலவச மென்பொருள், இணையம் வழியே ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிப்பதற்காகவே உள்ளது. நாகர்கோவிலில் இரண்டு பேர், சிங்கப்பூரில் ஒரு தம்பி. நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் ஆரம்பித்தோம். இரண்டாவது சுற்றில் தாலாட்டாகிவிட்டது. குற்றம் மென்பொருளுடையது அல்ல, தூரத்தினுடையது. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எட்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவர் வாசிப்பது நம் காதுக்கு வர கிட்டத்தட்ட 25 மில்லி விநாடி. அதற்கு மேல் தாமதம் கூடினால் இவர் அவருக்காகக் காத்திருப்பார், அவர் இவருக்காகக் காத்திருப்பார், தாளம் தானாக இழுபடும். சிங்கப்பூர் இங்கிருந்து சுமார் 3,000 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நேர்கோட்டில் ஓடினாலே ஒருவழிக்கு 15 மில்லி விநாடி ஆகிவிடும். கேபிள் அப்படி நேராகவா போகிறது? வழியில் உள்ள கருவிகள், நம் வீட்டு வைஃபை எல்லாம் தங்கள் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். ஆக, ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே பதிவு செய்வது என்று செயற்குழு முடிவெடுத்தது.

உருப்படிக்கு மோகன ராகத்தை எடுத்துக்கொண்டோம், 5 கட்டையில், அதாவது ஜி சுருதியில். அதற்குக் காரணம் உண்டு. ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் மாண்டலினின் நான்கு ஜோடித் தந்திகளும் திறந்தபடியே ஸ, ப, ரி, த. கிதாரின் ஆறு தந்திகளும் அப்படியே: த, ரி, ப, ஸ, க, த. எந்தத் தந்தியைத் தெரியாமல் தட்டினாலும் ராகத்தை விட்டு வெளியே போகாது. நம்மைப் போன்ற பொழுதுபோக்குக் கலைஞர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. புளூகிராஸ் என்ற அமெரிக்கக் கிராமியத் தந்தி இசையை வாசிப்பவர்களும் இதே ஐந்து ஸ்வரங்களில்தான் பாதி நேரம் புழங்குகிறார்கள். மெட்டு நம் மஸ்கட் உறுப்பினர் போட்டது: பாருக்கு நான்கு அடியாக 32 பார், ஆதி தாளக் கணக்கில் 16 ஆவர்த்தனம்.

அமைப்பையும் புளூகிராஸிலிருந்தே எடுத்தோம். மெட்டு ஒரு சுற்று முடிந்ததும் ஒருவர் முன்னால் வந்து அதே மெட்டின் மேல் தன் கைவரிசையைக் காட்டுவார், மற்றவர்கள் அடங்கித் தாங்குவார்கள். அதற்குப் பெயர் பிரேக். கச்சேரியில் பாடகர் நிறுத்தி வயலினுக்கு இடம் விடுவது போலத்தான். கென்டக்கிக்காரரான பில் மன்றோ (1911–1996) மாண்டலினை அந்த இசையின் நடுநாயகமாக்கினார். கிதார் ரொம்ப நாள் பின்னாலேயே நின்றது. 1960களில் டாக் வாட்சன், கிளாரன்ஸ் வைட் போன்றவர்கள் வந்த பிறகுதான் அதற்கும் முன்வரிசை கிடைத்தது. நம் ஊரில் மாண்டலின் என்றதும் யு. ஸ்ரீநிவாஸ்தான் நினைவுக்கு வருவார். அவர் வாசித்தது ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலின். ஜோடித் தந்தியில் கமகம் பிடிக்கப் பார்த்து விரல் தேய்ந்த நம் உறுப்பினர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

வெளியே பெயர் வராத ஒரு வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன். எல்லாரும் காதில் போட்டுக்கொண்டு வாசிக்க அடித்தளமாக ஒரு டிராக் வேண்டும். அதை வாசித்தவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் அண்ணன். வேகம் காட்டும் கிளிக் ஒலியைக் காதில் கேட்டுக்கொண்டு ஐந்து சுற்று, பல ஸ்வரங்களை ஒன்றாக மீட்டும் வெறும் கோர்டு மட்டும். மூன்று மாலைகள் ஆயின. மின்விசிறி சத்தம் மைக்கில் ஏறுகிறது என்று அதை நிறுத்திவிட்டு, சித்திரை வெயிலில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசித்தார். ஒலித்துளைக்கு நேரே மைக் வைத்தால் 'பொம்' என்று ஊதுகிறது என்று கண்டுபிடித்து, பன்னிரண்டாம் கட்டத்துக்கு எதிரே ஒரு சாண் தள்ளி வைத்தவரும் அவர்தான். "அண்ணே, உங்களுக்கு ஒரு பிரேக் வேண்டாமா?" என்று கேட்டேன். "நானும் முன்னால வந்துட்டா, நீங்க எல்லாரும் எதுமேல நிப்பீங்க?" என்றார். ஆளுக்கு ஆள் வேகம் மாறாமல் இந்தப் பதிவு ஒன்றாக நிற்கிறது என்றால் அது அவரால்தான். பிரேக் வாசித்த மூவரும் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

அப்புறம் கோளாறுகள். சிங்கப்பூர் தம்பியின் முதல் பிரேக் ஒவ்வொரு அடியிலும் பின்தங்கியே வந்தது. தாளம் போய்விட்டதோ என்று கவலைப்பட்டோம். விசாரித்தால் புளூடூத் ஹெட்போன். அது காதுக்கே தாமதமாகக் கொடுக்கிறது, அவர் அதைக் கேட்டுச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். கம்பி ஹெட்போன் மாட்டியதும் தீர்ந்தது. இன்னொருவருடைய மாண்டலின் எல்லா ஸ்வரத்திலும் கொஞ்சம் இறங்கியே கேட்டது. சுருதி சேர்க்க அவர் வைத்திருக்கும் டியூனர் செயலியில் 440 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் 432 இருந்தது. அரை ஸ்வரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறக்கம். வீட்டில் பேரன் தட்டிவிட்டானாம். வேறொருவர் பதிவைக் குரல் செய்தியாக அனுப்ப, ஒரே ஸ்வரத்தை விடாமல் வேகமாக மீட்டும் ட்ரெமோலோ, ஓட்டு வீட்டில் தூறல் விழுவது போல வந்து சேர்ந்தது. இனி எல்லாரும் ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக, ஆவண இணைப்பாக மட்டுமே அனுப்ப வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

ஒரே ஒரு தீர்மானம்தான் ஏகமனதாக நிறைவேறவில்லை. ஒரே பிரேக்கைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பதிந்த பல டேக்குகளிலிருந்து நல்ல துண்டுகளை வெட்டி ஒட்டலாமா என்பது. இளையவர்கள், எல்லாரும் செய்வதுதானே என்றார்கள். ஒரு பிரேக்குக்கு மூன்று டேக், அதில் ஒன்றை முழுசாக எடுப்பது என்று ஏழுக்கு நாலு ஓட்டில் முடிவானது. நான் ஏழில் ஒருவன். பதினான்கு டேக்கை வெட்டி ஒட்டினால் அது யார் வாசித்த பிரேக் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தோற்ற நால்வரின் ஆட்சேபமும் பதிவேட்டில் எழுதப்பட்டுள்ளது.

மாண்டலின்காரர்கள் தங்கள் பிரேக் இல்லாத சுற்றுகளில் கோர்டை அடித்த மறுகணம் விரலைத் தளர்த்தி ஒலியை அமுக்க வேண்டும். மத்தளம் இல்லாத இசையில் இரண்டாவது, நான்காவது அடியில் விழும் அந்தச் 'சக்'தான் தாளவாத்தியம். இதில் நாம் இன்னும் பலவீனம். பதிவில் கேட்டால் தெரியும்.

வரவு செலவைப் பொருளாளர் டீச்சர் தனியே வாசிப்பார். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பழைய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கியதுதான் பெரிய செலவு. சந்தா நிலுவை வைத்திருக்கும் நான்கு பேரின் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. மைக் ஸ்டாண்டைக் கொண்டுபோனவர் யார் என்று எனக்குத் தெரியும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அது திரும்பி வந்துவிட்டால் நல்லது.

பதிவு 6 நிமிடம் 24 விநாடி ஓடும். கணக்கு நிறைவேறியதும் போட்டுக் காட்டுகிறேன். நான்காம் சுற்றில், டீச்சரின் பிரேக் நடுவே ஒரு குக்கர் விசில் கேட்கும். அவருடைய மூன்று டேக்கில் அதுதான் நல்ல டேக்.