பார்சலில் வரும் பொம்மைக்கும் முத்திரை வேண்டும்

ஐயா,

எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்கு ஆன்லைனில் பொம்மை வாங்கியிருந்தார்கள். பேட்டரி மூடிக்குத் திருகாணியே இல்லை. நகத்தால் நெம்பினாலே பட்டன் பேட்டரி கையில் விழுகிறது. குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயையே அரித்துவிடும் பேட்டரி அது!

2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மஞ்சக்குப்பம் கடையில் சோதனை போடலாம், சரி; கடல் தாண்டி வந்து வீட்டு வாசலில் இறங்குவதை யார் பார்ப்பது? தயாரித்த நாட்டைக் காட்டச் சொல்லும் 2020 மின்வணிக விதிகள், முத்திரையின் உரிம எண்ணையும் காட்டச் சொல்ல வேண்டும். ஆபத்து என்று வேறு நாட்டில் திரும்பப் பெறும் பொருளை இங்கேயும் அன்றே நிறுத்த வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே பொம்மையை அடுத்தவருக்கு விற்பது என்ன நியாயம்? பெற்றோரும் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் தயங்காமல் புகார் சொல்லுங்கள்.

- ஒரு வாசகர், கடலூர்