பத்தாம் வகுப்புப் பெற்றோர் கவனத்திற்கு: அரையாண்டுத் தேர்வும் இயற்பியல் வீட்டுப்பாடமும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

இயற்பியல் விடைத்தாள்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுப்பாட நோட்டில் தொகுபயன் விசைக் கணக்குகள் (ஒரு பொருளின் மேல் செயல்படும் எல்லா விசைகளும் சேர்ந்து தரும் மொத்த விசையைக் கண்டுபிடிப்பவை) எல்லாமே சரி. தேர்வில் அதே வகைக் கணக்கு தவறு. கேட்டது இதுதான்: படகுத்துறையில் 40 கிலோ மீன் பெட்டியைக் கயிறு கட்டி, தரைக்கு இணையாக 150 நியூட்டன் விசையில் இழுக்கிறார்கள். உராய்வு 110 நியூட்டன். முடுக்கம் (வேகம் மாறும் வீதம்) என்ன?

பலர் இரண்டையும் கூட்டி 260 என்று எழுதியிருக்கிறார்கள். உராய்வு எதிர்த்திசையில் இருப்பதால் கழிக்க வேண்டும்: 40 நியூட்டன், இழுக்கும் பக்கமாக. அதை 40 கிலோவால் வகுத்தால் 1 மீ/வி². பெட்டியின் எடையைச் சேர்த்தவர்களும் உண்டு. எடை, அதாவது பூமி பெட்டியை இழுக்கும் விசை, கீழ்நோக்கி ஏறத்தாழ 400 நியூட்டன். தரையும் அதே அளவு மேல்நோக்கித் தாங்குகிறது. இரண்டும் சமன்.

அடுத்த கேள்வியில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுந்தார்கள். 80 நியூட்டனில் இழுத்தும் பெட்டி அசையவில்லை, தொகுபயன் விசை எவ்வளவு? 80-இல் 110 போக −30 என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் பெட்டி பின்னால் ஓட வேண்டுமே! நிற்கும் பெட்டியில் உராய்வு, இழுக்கும் அளவுக்குத்தான் எதிர்க்கும். இங்கே அதுவும் 80, விடை சுழி.

பெட்டிக்கு ஒரு கட்டம், ஒவ்வொரு விசைக்கும் ஓர் அம்புக்குறி, வலப்பக்கம் கூட்டல், இடப்பக்கம் கழித்தல். இந்தப் படத்தைப் போட்டிருந்தால் இரண்டு தவறும் வந்திருக்காது. செல்போனைப் பார்த்து விடையை இறக்குகிற பிள்ளை படம் போடுவதில்லை. சில நோட்டுகளில் கையெழுத்தே பிள்ளையுடையது அல்ல. இது தொடரக் கூடாது. இனி படம் இல்லாத விசைக் கணக்கு திருத்தப்படாமல் திரும்பி வரும். வீட்டுப்பாட நேரத்தில் செல்போன் உங்கள் கையில் இருக்கட்டும்.

உங்களுக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு அம்புக்குறியையும் காட்டி, "இது எந்தப் பக்கம் இழுக்குது, எது இழுக்குது?" என்று கேட்டாலே போதும். மீன் பெட்டி இழுத்துப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. விடை தப்பாக இருந்தாலும் அப்படியே கொடுத்தனுப்புங்கள்; பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். புதன், வெள்ளி மாலை 4.30 முதல் 5.15 வரை இதற்கெனத் தனி வகுப்பு உண்டு.

கடலுக்குப் போய் வந்த அசதியோடும் பெற்றோர் கூட்டத்திற்கு வந்து கடைசிவரை இருந்தீர்கள். மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்