கை வைக்காத படம்

மயிலாடுதுறை
ஐப்பசி கடைசி வாரம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. காவிரித் துலாக்கட்டத்தில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, ஐப்பசி கடைசி நாள் கடைமுழுக்குக்கு வெளியூர்க் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் எதையாவது தொடங்கினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். எனக்கும் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

போன செவ்வாய்க்கிழமை பகல் 11 மணிக்குக் கூப்பிட்டேன், முதல் மணியிலேயே எடுத்துவிட்டாய். முன்பெல்லாம் அந்த நேரத்தில் கூப்பிட்டால் "மீட்டிங்கில் இருக்கேன்மா" என்று மெசேஜ்தான் வரும். சரி, அது கிடக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. பாப்பா கல்யாணப் படங்களை ராத்திரி 3 மணிக்கு அனுப்பியிருக்கிறாய். அதுவரைக்கும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் என்னத்துக்கு ஆகும்? அப்பாவுக்குக் கண் போன கதை உனக்குத் தெரியாததா?

படங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். சித்தப்பா டிவியில் போட்டுக் காட்டினார். தாலி கட்டுகிற படத்தைப் பார்த்ததும் என்னால் உட்கார முடியவில்லை தம்பி, எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். மாப்பிள்ளையின் இரண்டு கை, கயிறு, பாப்பா குனிந்த தலை, அந்தரத்தில் நிற்கிற ஒரே ஒரு அட்சதை. கெட்டிமேளம் கொட்டினால் எல்லாம் சேர்த்துப் பத்து விநாடிதான். அதற்குள் பெரியவர்கள் எழுந்து நின்று மறைத்துவிடுவார்கள். நீ முன்னாடியே மேடை ஓரத்தில் இடம் பிடித்து இடது முட்டியை ஊன்றி உட்கார்ந்ததைப் பார்த்தேன். அப்பாவும் அப்படித்தான் உட்காருவார். உனக்கு அது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அப்பா ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்க 6 ஃபிலிம் ரோல் கொண்டுபோவார். ரோலுக்கு 12 படம், மொத்தம் 72. முகூர்த்த நேரம் நெருங்கும்போது கேமராவில் இரண்டு மூன்று படம் மிச்சம் இருந்தாலும் அந்த ரோலைச் சுற்றி எடுத்துவிட்டுப் புது ரோல் போட்டுக்கொள்வார். கெட்டிமேளத்தில் ரோல் தீர்ந்தால் அந்தக் கல்யாணத்துக்குத் தாலி இல்லை என்பார். எடுத்து முடித்த ரோலை நாக்கில் தடவி ஒட்டி, மேலே பென்சிலால் நம்பர் போட்டு, சட்டைப் பையில்தான் வைப்பார். பெட்டியில் வைக்கவே மாட்டார். நீ அன்றைக்கு நாலாயிரம் படம் எடுத்தேன் என்றாய். அத்தனையும் கட்டை விரல் நகம் அளவு கார்டில். அந்தக் கார்டை மண்டபத்து மேஜையில் காபி டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாய், நான்தான் எடுத்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். எடுத்த கார்டு உடம்போடு இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு இடத்தில் ஏற்று. இரண்டு இடத்திலும் திறந்து பார்க்கும் வரை கார்டை அழிக்காதே. இதைப் பத்துத் தடவை சொல்லிவிட்டேன் என்று நீ முகம் சுளிப்பாய். பதினோராவது தடவையும் சொல்கிறேன், அழிக்காதே.

கேமராவுக்குத் தவணை எத்தனை மாசம் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம் வேறு சில விஷயம். பாப்பாவின் அரக்குப் பட்டு பல படத்தில் ஒரே சிவப்பு மொத்தையாகக் கிடக்கிறது, மடிப்பும் தெரியவில்லை, ஜரிகையில் புட்டாவும் தெரியவில்லை. சிவப்பு அப்படித்தான் ஏமாற்றும். முகத்துக்கு வெளிச்சம் பார்த்து எடுத்தால் பட்டு பொங்கிவிடும். கொஞ்சம் அடக்கி எடு, முகத்தை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம். மாலை மாற்றுகிற படத்தில் பின்னால் கறுப்புப் பட்டை பட்டையாக ஓடுகிறதே, அது மேடை பல்பின் வேலையா? நம்ம ஊர் கரண்டில் பல்பு விநாடிக்கு 100 தடவை மினுங்குகிறது, ஷட்டரை 100-லோ 50-லோ வைத்தால் பட்டை வராது என்று நீதானே எனக்கு விளக்கினாய். ஆள் அசையாத நேரத்திலாவது அப்படி வைத்துப் பார்க்கக் கூடாதா? இதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். முதல் கல்யாணம்தானே. அப்பா எடுத்த முதல் கல்யாணத்தில் பாதிப் பேருக்குப் படத்தில் கால் இல்லை.

இதற்காக நான் காகிதத்தையும் பேனாவையும் தேடி எடுக்கவில்லை.

பாப்பா போன வாரம் கூப்பிட்டாள். ஊர்க்கதை எல்லாம் பேசினாள், மாமியார் நல்லவர் என்றாள், காஸ் அடுப்பு சரியில்லை என்றாள். வைக்கப் போகும்போது கேட்டாள்: "பெரியம்மா, அண்ணனுக்கு நான் கறுப்பா இருக்கறது பிடிக்கலையா?"

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. சித்தி எல்லோரிடமும் படத்தைக் காட்டி "எம்பொண்ணு எவ்ளோ கலரா விழுந்திருக்கா பாருங்க" என்று பூரித்துப் போயிருக்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பாப்பா என்ன சொல்ல முடியும்? உன்னிடமும் சொல்ல மாட்டாள். உன் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம்.

மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் அப்படி. ஹோமத் தீ வெளுத்துப் போய், எரிகிற மாதிரியே இல்லை. தாலிக் கயிற்றில் மஞ்சள் இல்லை. பாப்பா மோவாயில் இருக்கிற மச்சத்தையே காணோம், அவள் பிறந்தபோது ஆயா அதைப் பார்த்துத்தான் அதிர்ஷ்டக்காரி என்றாள். நலங்கு வைக்கிற படத்தில் ஓரத்தில் ஒரு கை சந்தனக் கிண்ணத்தைப் பிடித்திருக்கிறது. யார் கை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். வளையலைப் பார்த்துத்தான் தெரிந்தது, அது என் கை. 40 வருஷம் அடுப்பிலும் படம் கழுவுகிற டெவலப்பரிலும் கிடந்த கை. அந்தப் பழுப்பு நகம் கூட வெளுத்திருந்தது.

கல்யாணம் முடிந்து இரண்டு நாள் இங்கே உட்கார்ந்து வேலை பார்த்தாயே, அப்போது நீ எனக்குக் காட்டினாய். ஆரஞ்சு என்று ஒரு கோடு, அதில் ஒரு புள்ளி, அதை வலது பக்கம் இழுத்தால் முகம் வெளுக்கிறது. இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். நான் "அழகா இருக்குடா" என்றேன். அப்புறம் அதே அளவை எல்லாப் படத்துக்கும் ஒட்டிவிடலாம் என்று ஒரு பொத்தானை அழுத்தினாய். அப்போதே நான் உன் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம் என்று நினைக்கிறேன். எழுத ஆரம்பிக்கும்போது எனக்கே தெரியாது.

உன் அத்தை எந்தப் போட்டோவுக்கும் நிற்க மாட்டாள். காதுகுத்திலிருந்து அறுபதாம் கல்யாணம் வரை எதை எடுத்துப் பார்த்தாலும் அவள் இல்லை. கூச்ச சுபாவம் என்று எல்லோரும் சொல்வோம், நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

1984. நான் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். அப்பாவின் போட்டோக் கடையில் ரீடச்சிங் முழுக்க என் கையில்தான் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் அந்தச் சாய்வு மேஜை உனக்கு ஞாபகம் இருக்கும், கீழே கண்ணாடி வைத்து வெளிச்சத்தை மேலே அனுப்புமே, அதில் நெகட்டிவை வைத்து ஒரு சொட்டு ரீடச்சிங் திரவத்தைத் துணியால் தேய்த்தால் பென்சில் பிடிக்கும். பென்சிலை உப்புத்தாளில் ஊசி மாதிரி தீட்டிக்கொண்டு, லென்ஸ் வைத்துப் பார்த்து, கடுகை விடச் சின்னச் சின்னச் சுழியாகப் போட்டுக்கொண்டே வர வேண்டும். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். பரு, கண்ணுக்குக் கீழே கருவளையம், அம்மைத் தழும்பு எல்லாம் போய்விடும். "கொஞ்சம் கலரா போட்டுக் குடுங்க" என்று கேட்காமல் பெண் பார்க்கிற படம் எடுக்க வருகிறவர்கள் குறைவு.

அத்தைக்கு 22 வயது. அப்பாதான் எடுத்தார், ஒற்றைத் தாளாக வரும் கட் ஃபிலிமில், பிச்சிப்பூ வைத்து. என்ன அழகு தெரியுமா? அந்தக் கறுப்புக்கு அந்தக் கண். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் உட்கார்ந்தேன். இரண்டு ராத்திரி, நெற்றி, கன்னம், மூக்குத் தண்டு, கழுத்து என்று ஒரு இடம் விடாமல் பென்சில் போட்டேன். நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தேன். அவளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

சிதம்பரத்திலிருந்து வந்தார்கள். அத்தை காபித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா கைப்பையிலிருந்து படத்தை எடுத்து ஒரு தடவை பார்த்தாள், அத்தையை ஒரு தடவை பார்த்தாள். "படத்துல இருக்கிற பொண்ணக் கூப்பிடுங்க" என்றாள். நிஜமாகவே வேறு பெண் என்று நினைத்துவிட்டாள், குத்திக் காட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. தட்டில் ஆறு டம்ளரும் ஒன்றோடு ஒன்று இடித்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

தரகர்தான் படத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று தாத்தா தெருவில் நின்று கத்தினார். நான் சமையல் உள்ளேயே நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்தத் தரகர் அப்புறம் நம்ம வீட்டுப் படியே ஏறவில்லை. அப்பாவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால் அதற்கப்புறம் பெண் பார்க்கிற படம் எதையும் என் மேஜைக்கு அனுப்பவில்லை, தானே போட்டுக்கொண்டார். அத்தையும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. அவளுக்கு மூன்று வருஷம் கழித்து அமைந்தது நல்ல இடம்தான், மாமாவைப் பற்றி நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேமராவைக் கண்டால் தூண் மறைவுக்குப் போய்விடுவாள்.

அந்தப் பென்சிலை டர்பென்டைன் தொட்டுத் துடைத்தால் போய்விடும் தம்பி. ஒரு நிமிஷ வேலை. நாளைக்குச் செய்யலாம் என்று 24 வருஷம் இருந்தேன். 2008-ல் கடையைக் காலி செய்தபோது நெகட்டிவ் எல்லாவற்றையும் வெள்ளி எடுக்கிறவர் கிலோ கணக்கில் வாங்கிக்கொண்டு போனார், அதோடு அதுவும் போயிற்று. இப்போது அந்த வெளுத்த பிரிண்ட் ஒன்றுதான் பீரோவில் இருக்கிறது. 22 வயதில் அவள் எப்படி இருந்தாள் என்று காட்ட ஒரு படம் இல்லை.

உன்னிடம் ரா ஃபைல் இருக்கிறது. அதுதான் எனக்கு நெகட்டிவ் மாதிரி, என்ன செய்தாலும் அடியில் அது அப்படியே இருக்கும் என்று நீதான் சொன்னாய். ஆல்பம் இன்னும் பிரிண்டுக்குப் போகவில்லை என்று சித்தப்பா சொன்னார். அந்தப் புள்ளியைத் திரும்ப இழுத்துவிடு. மச்சத்தைத் திரும்ப வை. சித்தி கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன். பரு இருந்தால் எடு, அது நாலு நாளில் போகிறது. வியர்வைப் பளபளப்பு இருந்தால் குறை. மண்டப லைட்டில் முகம் பச்சையடித்தால் அதைச் சரி செய், அது வெளிச்சத்தின் தப்பு. பிறந்த நிறத்தில் கை வைக்காதே.

இதைத் தொழிலாகவே செய்வதானால் செய். நான் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பி, என்ன தருவாய், எத்தனை நாளில் தருவாய் என்று எழுதிக் கொடு. சொந்தக்காரர்களிடம் காசு வாங்கக் கூசாதே, சித்தப்பா உனக்குக் கொடுக்கக் கவர் போட்டு வைத்திருக்கிறார், நீதான் வாங்காமல் போய்விட்டாய். அப்பா கடைக்காக அடகு வைத்த நகை எத்தனை தடவை மீண்டு வந்தது. என் இரண்டு வளையல் சும்மாதான் கிடக்கிறது. இதை நீ கேட்டதாக நான் நினைக்கவில்லை, நீயும் பதில் எழுத வேண்டாம்.

ஒன்று மட்டும் அனுப்பு. பந்திப் படங்களில் ஒன்றில், வாழையிலைக் கட்டுக்குப் பின்னால் அத்தை வாய் விட்டுச் சிரிக்கிறாள். நீ எடுத்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. டிவியில் அதன் கீழே 2417 என்று நம்பர் இருந்தது, எழுதி வைத்துக்கொண்டேன். அதை மட்டும் ஒன்றும் செய்யாமல், கேமராவில் விழுந்தபடி போஸ்ட்கார்டு சைஸில் பிரிண்ட் போட்டு அனுப்பு. கடைமுழுக்கு ஸ்நானத்துக்கு அவள் இங்கேதான் வருகிறாள், அதற்குள் வர வேண்டும். முறுக்கும் பருப்புப் பொடியும் கூரியரில் போட்டிருக்கிறேன், பொடியை ஈரக்கரண்டி போட்டு எடுக்காதே.

அம்மா